இன்னொருவரின் கைப்பழக்கம்

ஜீப்பின் பின்சீட்டில் கிடந்த பையின் மேல் யாரோ ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கயத்தாறில் இறங்கிப் பார்த்தபோது முத்தரசியின் லேப்டாப் தப்பியிருந்தது. மௌஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

முத்தரசி காற்றாலைகளைச் சோதிக்கும் பொறியாளர். ஒரு வாரம் கயத்தாறு, அடுத்த வாரம் ஆரல்வாய்மொழி, அதற்கப்புறம் உடுமலைப் பக்கம் என்று ஊர் ஊராகப் போகிற வேலை. எங்கே போனாலும் வேலை முடிந்ததும் லாட்ஜ் அறை, லேப்டாப், 'ஏழு வாசல்'. மும்மூன்று பேராக அணி பிரிந்து இணையத்தில் ஆடும் ஆட்டம் அது. ஒரு பழைய கோட்டைக்குள் எதிரிகளைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே ஏழு வாசல்களைக் கடந்து, நடு மண்டபத்துக் கொடியை முதலில் பிடிக்க வேண்டும். அவளும், திண்டுக்கல்லில் இருந்த சிராஜும், ஈரோட்டில் இருந்த லோகாவும் ஓர் அணி. ஒவ்வோர் ஆண்டும் மாநிலப் போட்டியில் சேருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது சுற்றோடு வெளியே வந்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். வண்ணார்பேட்டையில் கணினிப் பொருள்கள் விற்கும் ஹசீனாவின் கடைக்கு அவள் பழைய வாடிக்கையாளர். ஹசீனாவுக்கு நாற்பது வயதிருக்கும். எதையும் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார், முதலில் விசாரிப்பார்.

"எங்க வச்சு ஆடுவே?"

"லாட்ஜ் கட்டில்லதான்க்கா. மேசை இருக்கிற ரூம் கெடைக்கிறது அபூர்வம். சில நேரம் ஜீப்ல மடியில வச்சு."

"பக்கத்துல யாரும் தூங்குவாகளா?"

"கூட வேலை பாக்கிற பொண்ணு இருப்பா. டிக் டிக்குன்னு சத்தம் கேட்டா வையுவா."

ஹசீனா கண்ணாடி மேசையின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். முதலாவது தட்டையாக மடங்கக்கூடியது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். முத்தரசி அதைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. அரை மணி நேரம் ஆடினால் மணிக்கட்டு வலிக்கும் என்று உடனே தெரிந்தது. இரண்டாவது இறகு மாதிரி இருந்தது, எடை குறைக்க முதுகெல்லாம் துளை போட்டிருந்தார்கள்.

"காத்தாலை அடியில மண்ணு பறக்கும்க்கா. ஒரு வாரத்துல இதுக்குள்ள பூராவும் புழுதிதான்."

மூன்றாவது புளூடூத்தில் மட்டும் இயங்குவது. அதை ஹசீனாவே திரும்ப எடுத்து வைத்துவிட்டார். "இது ஆபீஸ் வேலைக்குச் சரி. நீ அமுக்குறதுக்கும் அங்க வெடிக்கிறதுக்கும் நடுவுல ஒரு தயக்கம் இருக்கும். நீ சண்டைக்கு வருவே. வேண்டாம்."

கடைசியாக உள்ளே போய் ஒரு பழைய மௌஸை எடுத்துவந்தார். கருநீலம். விரல் படும் இடங்களில் நிறம் மங்கியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அடிப்பக்கத்தில் யூ.எஸ்.பி. செருகியை ஒளித்து வைக்க ஒரு குழி. கண்ணாடி மேலும் ஓடியது, முத்தரசியின் ஜீன்ஸ் துணி மேலும் ஓடியது. அமுக்கினால் சத்தமே இல்லை.

"இது கைநினைவு மௌஸ்மா. புதுசா வாங்குனா நீயும் நானும் கிட்டப் போக முடியாது. யாரோ ஆண்டுட்டு வித்தது, எங்கிட்ட வந்து சேந்துச்சு."

கைநினைவு மௌஸ் பற்றி முத்தரசி படித்திருந்தாள். உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் ஓடும் நரம்புத் துடிப்பைப் படித்து, பிடித்திருப்பவரின் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். கை எங்கே போக நினைக்கிறதோ அந்தப் பக்கம் அதன் முதுகில் இருக்கும் மெல்லிய படலம் லேசாக அழுத்தி வழிகாட்டும். ஒருவருடைய கைக்கு அவருடைய பழக்கமே துணை நிற்கிறது என்பதால் போட்டிகளில் அதற்குத் தடையில்லை.

"ஆண்டவங்க பழக்கம் உள்ள இருக்குமேக்கா?"

"கம்பெனி சொன்ன மாதிரி எல்லாத்தையும் அழிச்சாச்சு. இப்ப இது பச்சைப் பிள்ளை. நீ என்ன சொல்லிக் குடுக்கியோ அதைப் படிக்கும்."

முத்தரசி அதையே எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது பைக்குள் கைவிட்டு இரண்டு மூன்று தடவை தொட்டுப் பார்த்தாள். நல்லதாக ஒன்று அமைந்துவிட்டது என்று மனசுக்குள் ஹசீனாவுக்கு நன்றி சொன்னாள்.

முதல் சில வாரங்கள் அவள் மோசமாக ஆடினாள். மௌஸ் ஒரு பக்கம் போகப் பார்த்தது, கை வேறொரு பக்கம் போனது. பழக வேண்டும் என்று பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் உடுமலை லாட்ஜில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வாசலுக்குள் நுழையும் முன் அவள் கை தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. வாசலின் மேல்மூலையில் தொடங்கி, தரைவரை இறங்கி, பிறகு நடுவுக்கு வந்து நின்றது. அந்த இடத்தில் எதிரி நின்றிருந்தான். அவள் சுட்டுவிட்டாள்.

"இது எப்பருந்து?" என்று ஹெட்போனில் சிராஜ் கேட்டான்.

"தெரியல. கை போச்சு."

அதன்பிறகு கை போய்க்கொண்டே இருந்தது. அவசரப்பட்டுச் சுட்டுக் குண்டை வீணாக்கும் பழக்கம் அவளை விட்டுப் போனது. ஓடும்போது பின்பக்கம் ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் வந்தது. மற்றவர்கள் ஒளிந்திருக்கும் தூண்களை அவள் மனம் யோசிக்கும் முன்னே விரல் சந்தேகப்பட்டது. ஒவ்வொன்றும் சிரமத்தோடுதான் வந்தது; ஒரு சைகையைச் சரியாகப் பிடிக்க அவளுக்குப் பல நாள் ஆனது. ஆனால் வந்ததெல்லாம் தங்கியது. அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் அவர்கள் இரண்டாவது சுற்றைத் தாண்டினார்கள். மூன்றாவதையும் தாண்டினார்கள். அரையிறுதிக்கு வந்தபோது பெங்களூரில் இருந்த ஒரு தொழில்முறை அணியின் பயிற்சியாளர் முத்தரசியைக் கூப்பிட்டார். அரையிறுதியும் இறுதியும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும், அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்படுவதாகவும் சொன்னார்.

அதைக் கேட்டு லோகா அழுதாள். முத்தரசிக்கு அழத் தோன்றவில்லை. அடுத்த நாள் காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்தபோது, இனி இந்த ஏணிகளில் ஏறத் தேவையில்லாமல் போகலாம் என்ற நினைப்பில் மனசு குளிர்ந்தது.

அந்த வாரம்தான் திருச்சியிலிருந்து ஒரு பெண் பேசினார். பெயர் மணிமொழி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை என்றார். போட்டி நடத்துகிறவர்களிடம் கெஞ்சி போன் எண்ணை வாங்கியதாகச் சொன்னார். நேரில் பார்க்க வேண்டும், அரை மணி நேரம் போதும் என்றார். குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு முத்தரசியால் மறுக்க முடியவில்லை.

கோவில்பட்டியில், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சந்தித்தார்கள். மணிமொழி வாங்கிய காப்பியைக் குடிக்கவில்லை.

"எனக்கு ஒரு தம்பி. பாரின்னு பேரு. சென்னையில கார்ட்டூன் படம் வரையிற வேலை பாத்தான். போன வருஷம் திடீர்னு மூளையில ரத்தக்குழாய் அடைச்சிக்கிச்சு. முப்பது வயசு கூட ஆகல. வலது கை போயிருச்சு. பேச்சும் போயிருச்சு. நம்ம பேசறது புரியும். அவனுக்குச் சொல்ல வராது."

முத்தரசி தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அவனும் இந்த ஏழு வாசல் ஆடுவான். அதனால ஆஸ்பத்திரியில உங்க போட்டியெல்லாம் போட்டுக் காட்டுவேன். போன ஞாயித்துக்கிழமை நீங்க ஆடினதைப் பாத்துக்கிட்டு இருந்தான். ஒரு வாசல்கிட்ட நீங்க போனீங்க. இவன் எந்திரிச்சு உக்காந்துட்டான். இடது கையால திரையைக் காட்டுறான், தன் வலது கையைக் காட்டுறான். மறுபடி திரையை, மறுபடி கையை. கண்ணுல தண்ணியா ஊத்துது. எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்குப் போய் அவன் பழைய ஆட்டத்தை எல்லாம் போட்டுப் பாத்தேன்." மணிமொழி போனை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்களே பாருங்க."

ஆடியவர் வாசலுக்கு வந்தார். குறி மேல்மூலையில் தொடங்கி, தரைவரை இறங்கி, நடுவுக்கு வந்து நின்றது. ஓடும்போது பின்பக்கம் ஒரு பார்வை. அடுத்த தூணுக்கு முன்னால் ஒரு நிதானம். முத்தரசிக்குத் தன்னையே பார்ப்பது போல இருந்தது. தன்னைவிட நன்றாக ஆடும் தன்னை.

"அவங்க மௌஸ் கருநீலமா?" என்று கேட்டாள்.

மணிமொழி தலையாட்டினார். "அவன் ரூமைக் காலி பண்ணினப்போ எல்லாத்தையும் நான்தான் குடுத்துட்டேன். யார் யார் கை மாறி எங்கெங்க போச்சோ. அதுல என்ன இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது."

"அழிச்சுட்டோம்னு சொன்னாங்களே."

"நானும் எங்க டாக்டரைக் கேட்டேன். மேலாகத்தான் அழியுமாம். அடியில ஒவ்வொரு நாளா, அடுக்கு அடுக்கா பதிஞ்சு கிடக்குமாம். புதுசு ஏற ஏற அடியில இருக்கறது நசுங்கிக்கிட்டே போகும்னு சொன்னாங்க."

பிறகுதான் அவர் வந்த காரணத்தைச் சொன்னார். பாரி இருந்த மருத்துவமனையில் ஒரு கைப்பட்டை இருக்கிறது. முன்கையில் கட்டினால், தசைகளில் மிச்சமிருக்கும் மிகச் சின்னத் துடிப்பைப் பிடித்து, அந்தக் கை என்ன செய்ய நினைக்கிறதோ அதைச் செய்ய உதவும். பல நாள் அப்படிச் செய்யச் செய்ய மூளை தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் கை எப்படி அசைந்தது என்பது அந்தப் பட்டைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பொதுவான ஒரு கையின் அசைவைக் கொடுப்பார்கள்.

"அதைக் குடுத்துப் பாத்தாங்க. அவன் கை ஏத்துக்கவே இல்ல. அவன் கையோட பதிவு எங்கயாவது இருக்கான்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மூளை ஒழுங்கா திரும்பக் கத்துக்கறது முதல் ஒரு வருஷம்தானாம். அது முடியப் போகுது." மணிமொழி கையைப் பிசைந்தார். "கேக்கறதுக்கு எனக்கு உரிமை இல்ல. நான் குடுத்தது. நீங்க கடையில வாங்கினது. ஆனா கேக்காம இருக்க முடியல."

"குடுத்தாத் திரும்பக் கெடைக்குமா?"

"உடைச்சுத்தான் எடுக்கணுமாம். திரும்ப வராது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் முத்தரசி. மணிமொழி அதற்கே இரண்டு கையையும் கூப்பினார். அவரை பஸ் ஏற்றிவிட்டு நடந்தபோது முத்தரசிக்கு அவர் மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு கதவு திறந்திருக்கிறது, அது திறந்த நேரம் பார்த்து ஏன் வர வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலும் கோபம் வந்தது.

சிராஜைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அரையிறுதி, இறுதி. அவ்வளவுதான். முடிச்சுட்டுக் குடுத்துரு," என்றான் அவன். "ரெண்டு மேட்ச்ல என்ன நசுங்கிரும்?"

"ரெண்டு மேட்ச்சுக்கு எத்தனை நாள் பழகணும்னு உனக்குத் தெரியும்."

"சரி. அப்போ பழகாம ஆடு."

"அதில்ல சிராஜ். கைநினைவுக்கு ஏன் தடை இல்ல? அவங்கவங்க கைப்பழக்கம்னுதான். இது என் கை இல்லைன்னு இப்ப எனக்குத் தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாது."

"அந்த ஆளு படுக்கையில இருந்து பாத்துக்கிட்டு இருப்பாரு. அவருக்குத் தெரியும்."

"லோகாகிட்ட நான் பேசறேன்," என்றான் சிராஜ் கடைசியில். "நீ கொண்டுபோய்க் குடு. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன் அரசி. எனக்கு வருத்தம்தான். வருத்தம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும்தான்."

அன்று அவள் ஆடவில்லை. மௌஸைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். போட்டி நடத்துகிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். இதுவரை தெரியாமல் ஆடியதால் பழைய வெற்றிகள் செல்லும் என்றும், இனி அந்த மௌஸ் கூடாது என்றும் பதில் வந்தது. பெங்களூர் பயிற்சியாளருக்கும் அதையே எழுதினாள். அவர் மரியாதையாக, அரையிறுதியைப் பார்க்கிறேன் என்று மட்டும் எழுதினார்.

திருச்சி மருத்துவமனையில் அவளை வரவேற்றவர் டாக்டர் தமயந்தி. பேச்சில் வேகம், நடையில் அதைவிட வேகம். மௌஸை வாங்கி ஒரு தட்டில் வைத்தபோது மட்டும் அவர் கை நிதானித்தது.

"எத்தனை மாசமா ஆடுறீங்க இதுல?"

"ஏழெட்டு மாசம் இருக்கும் டாக்டர்."

"ம். அப்ப உங்க அடுக்கு நிறைய இருக்கும். அவரோடது எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு திறந்தாத்தான் தெரியும். உங்க அழுக்கை எல்லாம் சுரண்டி எடுத்துட்டு அடியில இருக்கறதை எடுக்கணும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பதிவைச் சொன்னேன்."

முத்தரசி சிரித்தாள். அங்கே வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

அன்று பாரியைப் பார்க்க முடியவில்லை. ஏதோ பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். முத்தரசிக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. மணிமொழி வாசல்வரை வந்தார். முத்தரசியின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

அரையிறுதிக்கு ஹசீனா ஒரு சாதாரண மௌஸைக் கொடுத்தார். நடந்ததைக் கேட்டதிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை. "அழிச்சாச்சுன்னு உங்கிட்ட சொன்னேனே. எனக்கும் அப்படித்தான் சொன்னாக," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அழிஞ்சிருந்தா இன்னைக்கு அவருக்கு ஒண்ணும் இருந்திருக்காதுக்கா," என்றாள் முத்தரசி. அதைக் கேட்டு ஹசீனா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அரையிறுதியில் தோற்றார்கள். மானம் போகும் தோல்வி இல்லை. ஐந்தாவது வாசல்வரை முன்னால் இருந்தார்கள். அங்கே முத்தரசியின் கை ஒரு கணம் உதவிக்குக் காத்திருந்தது. உதவி வரவில்லை. பெங்களூரிலிருந்தும் அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் ஆரல்வாய்மொழியில் ஏணி ஏறிக்கொண்டிருந்தாள்.

சில நாள் லேப்டாப்பைத் திறக்கவே பிடிக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் சும்மா திறந்து, தனியாக ஒரு ஆட்டம் ஆடினாள். வாசல் வந்தது. கை மேல்மூலைக்குப் போனது, தரைக்கு இறங்கியது, நடுவுக்கு வந்தது. தள்ளிவிட எதுவும் இல்லாமல், கொஞ்சம் கோணலாக, ஆனால் சரியாக வந்தது. முத்தரசி ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கையை விரித்துப் பார்த்தாள். முகம் பார்த்திராத ஒரு மனிதர் இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தான் அதை மௌஸின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது. அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் கை என்ன ஆனது என்று கேட்கப் பயமாக இருந்தது.

மணிமொழியே கூப்பிட்டார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. "ஒரு ஞாயித்துக்கிழமை வர முடியுமா? டாக்டரும் உங்களைப் பாக்கணும்கறாங்க," என்றார். குரலில் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டர் தமயந்தி அவளைத் தன் அறையில் உட்கார வைத்தார்.

"முதல்ல நான் உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும். அழுக்குன்னு சொன்னேன்ல?"

"அதை அப்பவே மறந்துட்டேன் டாக்டர்."

"நான் மறக்கல. கேளுங்க. மௌஸைத் திறந்தோம். அடியில பாரியோட பதிவு பாதிக்கு மேல நல்லாவே இருந்துச்சு. உங்களோடதை ஒதுக்கிட்டு அதைக் கைப்பட்டையில ஏத்தினோம். பாரி கட்டிக்கிட்டார். ஒரு விரல் கூட சொன்னபடி கேக்கல. வலியில துடிச்சார். ரெண்டு வாரம் முயற்சி பண்ணி நிறுத்திட்டோம்."

முத்தரசியின் முகம் வாடியது. டாக்டர் கையமர்த்தினார்.

"ஏன்னு யோசிச்சோம். அந்தப் பதிவு ஒரு தேர்ந்த கையோடது. எல்லாம் தெரிஞ்ச கை, அவ்வளவு வேகம். படுத்துக் கிடக்கிறவரை எழுப்பி நேரா ஓடச் சொன்னா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. அது எங்க போய்ச் சேரணும்னு காட்டுது. எப்படிப் போகணும்னு அதுல இல்ல. பாரி அந்தக் கைப்பழக்கத்தைச் சின்ன வயசுல, வேற வேற மௌஸ்ல கத்துக்கிட்டிருக்கார். அந்தப் பாதை எங்கயும் பதிவாகல."

"அப்புறம்?"

"எங்க டீம்ல ஒரு பொண்ணுதான் ஒதுக்கி வச்சிருந்த உங்க அடுக்குகளைப் பிரிச்சுப் பாத்தா. முதல் நாள், பாரியோட அசைவுக்கும் உங்க கைக்கும் சம்பந்தமே இல்ல. அடுத்த நாள் துளி கிட்ட வந்திருக்கீங்க. அதுக்கடுத்த நாள் தப்பு. மறுபடி முயற்சி. இப்படியே ஏழெட்டு மாசம். அந்தக் கையைத் தெரியாத ஒரு கை, ஒண்ணுமில்லாததுல இருந்து தொடங்கி, அதே கையைப் படிப்படியா கத்துக்கிட்ட பதிவு. உலகத்துல பாரிக்கு அப்படி ஒண்ணு வேற எங்கயும் கிடையாது முத்தரசி. உங்க அடுக்குகளை வரிசையா, முதல் நாள்ல இருந்து ஏத்தினோம். ஒரு நாளைக்கு ஒண்ணு."

"நான் நல்லா ஆடலைன்னு அந்த மாசமெல்லாம் எரிச்சல்ல இருந்தேன் டாக்டர்," என்றாள் முத்தரசி.

"நல்லா ஆடியிருந்தா எங்களுக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. வாங்க."

பயிற்சி அறை பெரியது. சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சன்னலோரம் சக்கர நாற்காலியில், வெட்டிய தலைமுடி பாதி வளர்ந்திருந்த, மெலிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை, அதன் மேல் லேப்டாப். வலது முன்கையில் சாம்பல் நிறப் பட்டை. அந்தக் கையின் கீழே ஒரு மௌஸ். முத்தரசி உள்ளே வந்ததும் அவர் முதலில் பார்த்தது அவள் வலது கையைத்தான். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"இவங்கதான்டா," என்றார் மணிமொழி.

பாரி தலையசைத்தார். வாய் ஏதோ முயன்றது, வரவில்லை. அவர் அதை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். திரையில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருந்தன. கை நகர்ந்தது. மிக மெதுவாக, நடுங்கி, ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்று, அமுக்கியது. ஓர் எழுத்து விழுந்தது.

முத்தரசி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கை போன பாதையை அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் கொஞ்சம் தாண்டிப் போய்விடுவது அவளுடைய தப்பு. திரும்பி வந்து நிற்பது அவளுடைய முதல் மாதங்கள். உடுமலை லாட்ஜின் ஆடும் கட்டிலில், எரிச்சலோடு உட்கார்ந்து தான் செய்த தப்பையெல்லாம் இங்கே ஒருவர் பொறுமையாக, ஒன்று விடாமல் செய்துகொண்டிருப்பதை அவள் பார்த்தாள். உதவ வேண்டும் போலக் கை பரபரத்தது. உதவவில்லை.

அவள் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். நீங்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி என்று. அதைச் சொல்லத் தொடங்கினாள். "சார், உங்களுக்கு நான் ஒரு..."

பாரி இடது கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். முடிக்கவில்லை, பொறு என்ற சைகை. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மணிமொழி தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தார். நடுவில் பாரி களைத்து நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி தொடங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நர்ஸ் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கடைசியில் அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். பலகையை இடது கையால் மெல்லத் தள்ளித் திரையை முத்தரசியின் பக்கம் திருப்பினார்.

'நீங்க ரொம்ப மெதுவாக் கத்துக்கிட்டீங்க. நல்லதாப் போச்சு.'

முத்தரசி அதைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தபோது பாரியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆனது. பேச்சு போனதிலிருந்து தம்பி சிரித்துப் பார்த்திராத மணிமொழி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.